கூடைப் பந்தும் கூடைக் கொழுந்தும்: கிழமைக்கு நான்கு மணித்தியாலத்தில் எந்தக் கோல்ஃப் பயிற்சி?

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நான்கு கொப்புளம். ஒன்று உடைந்திருந்தது. "முந்நூறு பந்து அடிச்சேன் மாமா" என்றான், பரீட்சையில் நூறு வாங்கியவன் மாதிரி. அவனுக்குக் கண்டியில் வங்கி வேலை. மேலதிகாரி கோல்ஃப் ஆடுகிறவர். ஒரு நாள் கூட்டிப்போனார், இவன் அப்படியே விழுந்துவிட்டான். ஒன்றரை வருடமாகிறது. ஆட்டத் திறமையைச் சொல்லும் ஹேண்டிகேப் எண், குறையக் குறைய நல்லது, 24இல் வந்து உட்கார்ந்தது, இறங்க மாட்டேன் என்கிறது.

அவனுடைய கேள்வி இதுதான். கிழமைக்கு நான்கு மணித்தியாலம் கிடைக்கிறது. சனிக்கிழமை காலை இரண்டரை, வேலை முடிந்து இரண்டு மாலைகளில் முக்கால் முக்கால். அதை ரேஞ்சில், பந்தடித்துப் பழகும் திடலில், அடித்தே கழிப்பதா? யூடியூபில் வரும் தொழில்முறைக்காரர்கள் மாதிரி அட்டவணை போட்டுச் செய்வதா? பயிற்சியே வேண்டாம் என்று ஆடிக்கொண்டே இருப்பதா? இல்லை, காசைக் கொடுத்து ஒரு கோச்சிடம் போய் நிற்பதா?

என்னிடம் ஏன் கேட்டான் என்று சொல்ல வேண்டும். அப்பா நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, ஆட்டக்காரர்களின் பையைத் தூக்குகிறவராக, இருந்தவர். நம் சினிமாவில் கேடி என்றால் ரௌடி. பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டு, நான் சொன்ன பதிலுக்கு வகுப்பே சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஏப்ரல் சீசனில் ஆள் போதாதபோது நானும் பை தூக்கியிருக்கிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் பை தூக்குகிறவன் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு சாதி ஆட்டக்காரர்களையும் பக்கத்தில் பார்க்கலாம்: ஞாயிற்றுக்கிழமை துரைமாரையும், போட்டிக்கு முந்தைய நாட்களில் வந்து பழகும் தொழில்முறைக்காரர்களையும்.

ஞாயிறு ஆட்களின் பயிற்சி எப்படி இருக்கும் என்றால், காரிலிருந்து இறங்கியதும் பையிலிருந்து டிரைவரைத்தான், தூரமாக அடிக்கும் பெரிய மட்டையைத்தான், உருவுவார்கள். ஒரு கூடை பந்து. முதல் பத்து கோணல்மாணலாகப் போகும். இருபதுக்கு மேல் கை பழகும், ஐம்பதாவது பந்து பறக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்கப்புறம் எல்லாம் அந்த வெளிச்சத்துக்காகவே அடிக்கும் அடி. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் மூச்சுவிடும் நேரம்கூட இருக்காது. பட்டிங், அதாவது குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற வழுவழுப்பான புல்லில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பயிற்சி, அவர்களுக்கு முதல் டீக்கு, ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு, போகும் வழியில் மூன்று பந்து உருட்டுவது. அவ்வளவுதான். வெளிச்சம் வந்த கையோடு முதல் டீயில் நின்று, முதல் பந்தையே மரத்துக்குள் அனுப்பிவிட்டு, "ரேஞ்சில் நல்லாத்தானே அடிச்சேன்" என்பார்கள். இந்த வசனத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மருமகனும் இதையேதான் சொன்னான், சொல் மாறாமல்.

இன்னொரு பக்கம். ஒரு தடவை போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கொழும்பிலிருந்து வந்த ஒரு தொழில்முறைக்காரருக்குப் பை தூக்கினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அடித்தார். பந்தை எண்ணினேன். ஐம்பதுகூட இல்லை. ஒவ்வொரு தடவை அடிக்குமுன்னும் பந்துக்குப் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்ப்பார். தூரத்தில் ஒரு மரம், அந்த மரத்தில் ஒரு கிளை. வருவார், நிற்பார், அடிப்பார். அடுத்த பந்துக்கு வேறு அயன், அதாவது வேறு இரும்பு மட்டை, வேறு இலக்கு. இரண்டு தடவை ஒரே அடியை அவர் அடித்து நான் பார்க்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. "இந்த ஆளுக்கு அடிக்கவே மனசில்லை போல" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பதில் சொல்லாமல் பட்டிங் கிரீன் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே அவர் இரண்டு டீயை, பந்தை ஏற்றி வைக்கும் சிறு ஆணிகளை, புல்லில் குத்தினார். நடுவில் பட்டரின், பந்தை உருட்டும் மட்டையின், தலை போகும் அளவு இடைவெளி, பக்கத்துக்கு ஒரு தீக்குச்சித் தடிப்புத்தான் மிச்சம். குழிக்கு நான்கடி. பட்டர் டீயில் உரசினால் அந்த அடி செல்லாது, பந்து குழிக்குள் போனாலும் செல்லாது. இருபத்தைந்து தொடர்ந்து விழ வேண்டும் என்பது அவர் தனக்கே வைத்த சட்டம். இருபத்தியிரண்டாவது விளிம்பில் சுற்றி வெளியே வந்தது. ஒன்றும் சொல்லாமல் பந்துகளை எடுத்துவந்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். மழைத் தூறல் வந்தது. நான் குடையைப் பிடித்தேன். பனிமூட்டம் இறங்கிக் குழி மங்கலாகத் தெரியும் நேரத்தில்தான் இருபத்தைந்து ஆனது. கடைசி ஐந்தில் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. போட்டியில் பதினெட்டாவது கிரீனில் வரும் பயத்தை அந்த மனிதர் புதன்கிழமை பின்னேரமே, யாரும் பார்க்காத இடத்தில் வரவழைத்துக்கொண்டார். பின்னாளில்தான் தெரிந்தது, இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். டைகர் வூட்ஸ் இரண்டு டீ நட்டுப் பட் செய்வது பிரசித்தம். இன்னொரு பெரிய ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் குழியைச் சுற்றி மூன்றடியில் பந்துகளை வைத்து, நூறு தொடர்ந்து போடும்வரை விடமாட்டார்.

எனக்கு இது புரிந்தது அம்மாவை வைத்துத்தான். அம்மா கொழுந்தெடுத்தவர். எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ. நிறுவையில் அது வந்தால் பேர், வராவிட்டால் அரைப்பேர். காலையிலிருந்து கை ஓயாமல் ஆடியது, மழையில் நனைந்தது, அட்டை கடித்தது எல்லாம் தராசுக்குத் தெரியாது. முற்றிய இலை கலந்திருந்தால் அதற்கும் கழிப்பார்கள். அதனால் அம்மாவின் கை ஒவ்வொரு பறிப்பிலும் இரண்டு இலை ஒரு மொட்டைத் தேடியது. தொழில்முறைக்காரரின் பயிற்சி நிறுவைக்குப் போகும் கொழுந்து. ஞாயிறு ஆட்களுடையது நிறுக்காத கொழுந்து. கூடை நிறைந்திருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரி, நான்கு வழிகளுக்கு வருவோம்.

கூடைப் பந்து வழியை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். காரணம் சோம்பலோ சிரத்தையோ இல்லை. முந்நூறு பந்து அடித்தவனைச் சிரத்தையில்லாதவன் என்று யார் சொல்ல முடியும். சிக்கல், அந்த ஐம்பதாவது பந்து நம்மை ஏமாற்றுவதில் இருக்கிறது. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையால் சிறு மரத்தடைகளைத் தட்டிக்கொண்டு போகும் மூன்று விதமான அசைவுகள். ஒரு குழு முதல் அசைவை முழுக்கச் செய்து முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் ஒன்றையே திரும்பச் செய்த குழுதான் வேகமாக, சுத்தமாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து செய்தவர்கள் முந்திவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பழகியது நிற்கவில்லை. ரேஞ்சில் ஒரே அயனால் ஐம்பது அடிக்கும்போது நாற்பத்தொன்பதாவது அடியின் விடை கையிலேயே இருக்கிறது, பார்த்து எழுதும் பரீட்சை மாதிரி. மைதானத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஐந்து நிமிட நடை இருக்கிறது, வேறு அயன், வேறு சரிவு. அங்கே ஒவ்வொரு அடியும் முதல் அடிதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோச் பிடியை மாற்றிவிட்டார், முதுகுச் சாய்வை மாற்றிவிட்டார் என்றால், அந்தப் புதுசு உடம்பில் ஏறும்வரை ஒன்றையே திரும்பத் திரும்ப அடிப்பது தேவை. பெரிய ஆட்டக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அப்போது கண்ணாடியையோ கேமராவையோ பந்தின் போக்கை அளக்கும் ட்ராக்மேன் ராடாரின் எண்ணையோ பார்த்துக்கொண்டு அடிக்கிறார்கள்.

தொழில்முறைக்காரர்களை அப்படியே பின்பற்றும் வழி பார்க்க ஆசையாக இருக்கும். விஜய் சிங் விடியலில் ரேஞ்சுக்கு வந்து இருட்டும்வரை நிற்பவர் என்று பெயரெடுத்தவர். இந்திய வம்சாவளி ஃபிஜிக்காரர், நம் கூலித் தாத்தாக்கள் கப்பலேறிய அதே காலத்துக் கதையிலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் அப்பாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம். 2004இல் ஒன்பது போட்டிகளை வென்று உலக முதலிடத்துக்கு வந்தார், அதுவும் நாற்பத்தொரு வயதில். ஆனால் அது அவர் வேலை. நம் பையன் அந்நேரத்தில் கவுண்டரில் உட்கார்ந்து கையெழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருப்பான். அமெரிக்காவில் டேன் மெக்லாக்லின் என்ற புகைப்படக்காரர் 2010இல் வேலையை விட்டுவிட்டு, கோல்ஃபே தெரியாத நிலையிலிருந்து பத்தாயிரம் மணித்தியாலம் பயிற்சி செய்வது என்று இறங்கினார். முதலில் குழிக்குப் பக்கத்தில் பட் செய்வதில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தார். ஹேண்டிகேப் மூன்றுக்குக் கீழே இறங்கியது, அது சாதாரண விஷயமில்லை. ஆறாயிரம் மணித்தியாலம் வாக்கில் முதுகு விட்டுவிட்டது. வேலையை விட்டவருக்கே அந்தக் கதி.

ஆக, அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது மணிக்கணக்கு இல்லை. தராசு. அதை நான்கு மணித்தியாலத்திலும் வைக்கலாம், நாற்பது நிமிடத்திலும் வைக்கலாம்.

எதை நிறுப்பது என்பதில்தான் நானும் ரொம்ப நாள் தப்பாக நினைத்திருந்தேன். டிரைவர் காட்டிக்கொள்ள, பட்டர் காசு பார்க்க என்று ஒரு பழைய பேச்சு கோல்ஃப் உலகத்தில் உண்டு. அப்பாவும் அதைச் சொல்வார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ சுற்றில் ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்திருந்த தரவை எடுத்து, சாதாரண ஆட்டக்காரர்களின் தரவோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தார். தொழில்முறைக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் இடையில் உள்ள அடி வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நூறு யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது. குழிக்குக் கிட்ட நடப்பதெல்லாம் சேர்ந்து மீதி ஒரு பங்கு. பட்டிங் மட்டும் பழகினால் போதும் என்ற புத்திமதி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனாலும் பட்டிங்கை விடச் சொல்ல மாட்டேன், வேறு காரணத்துக்காக. அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து இரண்டில் ஒன்றைத்தான் போடுகிறார்கள். இருபதடியில் நூற்றுக்குப் பதினைந்து வாக்கில். தொண்ணூறு தடவை அடித்து ஆட்டத்தை முடிக்கும் சாதாரண ஆளுக்கு அந்த இரண்டில் ஒன்று ஐந்தடியிலேயே வந்துவிடுகிறது. எட்டடிப் பட் தவறினால் பட்டரைத் தரையில் தட்டும் மருமகனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். டிவியில் விழுவதைத்தான் காட்டுகிறார்கள், பாவம். பட்டிங் வீட்டிலேயே பழகக்கூடியது, காசில்லை, மழையில்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மாலைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஆடிக்கொண்டே இருப்பது என்ற வழிக்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அப்பாவும் அவரோடு இருந்தவர்களும் எந்த ரேஞ்சையும் மிதித்ததில்லை. யாரோ கொடுத்த ஒரு பழைய 7 அயன், அதை நாலு பேர் மாற்றி மாற்றி. அதே அயனால் தாழ்வாக மரத்துக்கடியில் ஓட்டுவார்கள், அயனின் முகத்தைத் திறந்து வைத்துப் பங்கரிலிருந்து, மணல் பள்ளத்திலிருந்து, எடுப்பார்கள், அதாலேயே பட்டும் செய்வார்கள். ஒரு பந்துக்கு ஒரு சிகரெட் பந்தயம், அதுதான் தராசு. இலங்கைத் தொழில்முறை ஆட்டத்தில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்று தமிழ்ப் பெயர்களைப் பார்க்கும்போது, தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டம் வென்ற செய்தியைப் படிக்கும்போது, எனக்கு அந்த ஒற்றை அயன்தான் ஞாபகம் வரும். இந்த வழிக்கு ஆனால் ஒரு இளமைப் பருவம் முழுக்க வேண்டும். முப்பத்திரண்டு வயதில் சனிக்கிழமை ஒன்பது குழி மட்டும் ஆடினால், பிழையான ஸ்விங்கையே ஒன்பது தடவை உறுதிப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

கோச் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை வருடம் ஆடியும் 24 ஹேண்டிகேப்பில் நிற்கிறவனுக்கு எங்கே பிழை என்று அவனுக்கே தெரியாது. கண்ணுள்ள ஒருவர் அரை மணித்தியாலம் பார்த்தால் தெரிந்துவிடும். உலகத்தின் முதல் நிலை ஆட்டக்காரர்களே கோச் வைத்திருக்கும்போது நமக்கு என்ன வெட்கம். மாதத்துக்கு ஒன்று போதும். கிழமைக்கு ஒன்று போனால், போன பாடம் உடம்பில் ஏறுமுன்னே அடுத்தது வந்துவிடும், காசும் போகும்.

மலைநாட்டில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். காற்று மெலிசு. கொழும்பில் 150 யார்ட் பறக்கும் பந்து இங்கே 160 வாக்கில் போகும், கிட்டத்தட்ட நூற்றுக்கு ஏழு கூட. அதிகாலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த பந்து அவ்வளவு துள்ளாது, ஸ்வெட்டர் போட்ட தோளும் அவ்வளவு திரும்பாது. மருமகன் பழகுவது கண்டிப் பக்கம், திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த மைதானத்து உயரத்தில். அங்கிருந்து மேலே வந்தால் அவன் மனதில் உள்ள தூரமெல்லாம் பொய். வரும் தொழில்முறைக்காரர்கள் முதல் நாள் செய்வது இதைச் சரிபார்ப்பதுதான். ஒவ்வொரு அயனும் விழும் இடத்தைப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். பயிற்சிச் சுற்றில் ஸ்கோரே போட மாட்டார்கள். கிரீனில் இன்றைய குழியைக் கண்டுகொள்ளாமல், போட்டி முடியும் ஞாயிற்றுக்கிழமை குழியின் கொடி எங்கே நிற்கக்கூடுமோ அந்த மூலைகளுக்கு உருட்டிப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் கிரீனைத் தாண்டி ஓடைக்குள் பந்தைப் போட்டுவிட்டு, "இன்னைக்கு நல்லாப் பட்டுருச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். கேடி சிரிக்காமல் அடுத்த பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அது ஒரு கலை.

அவனுக்கு நான் போட்டுக்கொடுத்தது இப்படி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோச். அதற்கடுத்த சனி, அவர் சொன்ன ஒரே ஒரு விஷயத்தோடு ரேஞ்சில் முதல் அரை மணித்தியாலம் ஒரே அயன். அப்புறம் அறுபது பந்துக்கு மேல் போகாமல், மைதானத்தை மனதில் ஆடுவது: முதல் டீக்கு டிரைவர், அடுத்து 6 அயன், அடுத்து கிட்டத்து அடிக்கான வெட்ஜ். இலக்கை முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும், போனதா இல்லையா என்று கடுதாசியில் கோடு போட வேண்டும். மற்றச் சனிகளில் ஒன்பது குழி, ஸ்கோர் ஒன்றும் வேண்டாம். நூறு யார்டுக்கு அப்பாலிருந்து அடித்ததில் எத்தனை தொலைந்தது, எத்தனை தண்டனை அடி, அது மட்டும். மாலைகளில் வீட்டுச் சிமெந்துத் தரையில் ஒரு பழைய கம்பளம், நான்கடியில் ஒரு சில்லறைக் காசு, பட்டருக்கு இருபுறமும் இரண்டு தீப்பெட்டி. இருபது பந்து, காசைத் தொட்டதை எண்ணுவது. முற்றத்தில் ஒரு யூரியாச் சாக்கை விரித்து, பத்து எட்டு வைக்கும் தூரத்திலிருந்து அதன்மேல் சிப் செய்வது, அதாவது பந்தைக் கொஞ்சமாகத் தூக்கிப் போடுவது, ஒவ்வொரு பந்துக்கும் நிற்கும் இடத்தை மாற்றி.

"இவ்வளவுதானா மாமா?" என்றான். ஏமாற்றம் குரலில் தெரிந்தது. முந்நூறு பந்தும் கொப்புளமும் தரும் திருப்தி இதில் கிடைக்காது, அது உண்மைதான். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு ஆட்டம் இன்னும் மோசமாகத் தெரியும் என்றும் சொல்லிவைத்தேன். கலந்து அடித்தால் ரேஞ்சில் அந்த வெளிச்சம் வராது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவன் பழையபடி கூடைக்கே போய்விடுவான்.

போன செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு ஃபோனில் ஒரு படம் வந்தது. கம்பளம், காசு, தீப்பெட்டி. பக்கத்தில் அக்காவின் கால் தெரிந்தது, படம் எடுப்பதற்காக ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பான். கீழே எழுதியிருந்தான்: "20க்கு 9."

அரைப்பேர் என்று பதில் போட்டேன்.